செங்கமலத் தாயாரும் செல்வம் வேண்டாத தேசிகரும்

வெள்ளிக்கிழமை மாலையில் திருவிளக்கேற்றி, கடன் தீர வேண்டும், மகளின் திருமணம் நிறைவேற வேண்டும், விளைச்சல் பெருக வேண்டும் என்று திருமகளிடம் முறையிடுவது நம் இல்லங்களின் வழக்கம். இறைவியிடம் பொருள் வேண்டுவது தகுமோ என்னும் ஐயம் சிலருக்கு எழுவதுண்டு. இதற்கு விடை காண கம்மாபுரம், விருத்தாசலம் பகுதி அன்பர்கள் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. கடலூரை அடுத்த திருவஹீந்திரபுரம் சென்றால் போதும்.

கெடில நதிக்கரையில் அமைந்த இத்தலம் நடுநாட்டுத் திவ்ய தேசங்கள் இரண்டனுள் ஒன்று. தேவநாதப் பெருமாளுடன் இங்கு எழுந்தருளியுள்ள தாயார் செங்கமலவல்லி, வடமொழியில் ஹேமாம்புஜவல்லி. ஹேமம் என்றால் பொன், அம்புஜம் என்றால் தாமரை. தமிழ் செந்தாமரை என்றதை வடமொழி பொற்றாமரை என்றது.

1268ஆம் ஆண்டு காஞ்சிபுரத்தைச் சார்ந்த தூப்புலில் அவதரித்த வேதாந்த தேசிகர் பல்லாண்டுகள் இத்தலத்தில் வாழ்ந்தவர். தேவநாயக பஞ்சாசத், அச்யுத சதகம், மும்மணிக்கோவை ஆகியன இப்பெருமாளுக்கு அவர் சூட்டிய பாமாலைகள்.

அவர் காஞ்சியில் இருந்தபோது நிகழ்ந்ததாக ஒரு வரலாறு கூறப்படுகிறது. திருமணத்திற்குப் பொருள் தேடி வந்த ஏழைப் பிரம்மச்சாரி ஒருவனை, தேசிகரை எள்ளி நகைக்க எண்ணிய சிலர், "அவரே பெருஞ்செல்வர், அவரிடம் கேள்" என்று கூறி அனுப்பினர். உஞ்சவிருத்தி அரிசியால் உயிர் வாழ்ந்தவர் எதைக் கொடுப்பார்? அவனை அழைத்துக்கொண்டு பெருந்தேவித் தாயார் சந்நிதிக்குச் சென்றார். இருபத்தைந்து சுலோகங்கள் கொண்ட ஸ்ரீஸ்துதியைப் பாடினார். பொன்மழை பொழிந்தது. அத்தனையையும் அவனிடமே விட்டு, அவர் வெறுங்கையுடன் இல்லம் திரும்பினார்.

பிச்சை அரிசியில் யாரோ மறைத்து இட்ட பொற்காசுகளைப் புழுக்கள் என்று அவர் விலக்கிய செய்தியும் உண்டு. புழு என்று தமக்கு ஒதுக்கிய அதே பொன்னைப் பிறனுக்காகத் தாயாரிடம் கேட்க அவர் தயங்கவில்லை என்பதே இங்கு நோக்கத்தக்கது. ஆகவே பொருள் வேண்டுவது பிழையன்று. யாருக்காக, எதற்காக என்பதைத் தாயார் அறிவாள். குறையுள்ள பிள்ளைக்காகத் தந்தையிடம் பரிந்து பேசும் தாயைப் போல, அடியாருக்காகப் பெருமாளிடம் அவள் பரிந்துரைப்பதை வைணவர் 'புருஷகாரம்' என்பர். தாயாரை முதலில் சேவித்துப் பின்னரே பெருமாளைச் சேவிக்கும் வழக்கம் இதனால் வந்தது.

புரட்டாசித் திருவோணம் தேசிகரின் அவதாரத் திருநாள். அந்நாளில் இங்கு வருவோர், ஔஷதகிரி மேல் எழுந்தருளியுள்ள ஹயக்ரீவரையும் சேவிக்கலாம். தேசிகர் தம் கையாலேயே தோண்டியதாகச் சொல்லப்படும் கிணறும் இவ்வூரில் உள்ளது.