இரவில் மருத்துவரை அழைப்பது எப்போது? செவிலியரின் முடிவும் உறவினரின் பங்கும்

"வலிக்கிறது என்று சொல்லி அரை மணி நேரமாகிறது, ஒரு மாத்திரை தருவதற்கு ஏன் இவ்வளவு தாமதம்?" இரவுப் பணியிலுள்ள செவிலியரிடம் உறவினர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேள்வி நியாயமானதே. அதற்கான விடையை அறிந்துகொள்வது நோயாளியின் பாதுகாப்புக்கும் உதவும்.

உத்தரவும் அதன் வரம்பும்

உள்நோயாளிக்குரிய மருந்தைப் பதிவு பெற்ற மருத்துவர் எழுத வேண்டும். செவிலியர் சரிபார்த்துக் கொடுக்க வேண்டும். பாராசிட்டமால் மாத்திரைக்கும் இதே விதிதான். கல்லீரல் நோயுள்ளவருக்கு அதன் அளவு குறையலாம். அதே மருந்து சற்று முன்னர் ஊசி வழியாகச் செலுத்தப்பட்டிருக்கலாம்.

இதனை எண்ணியே, 'தேவைப்படின் தருக' என்று சில மருந்துகளை மருத்துவர் பகலிலேயே எழுதிவைக்கிறார். எந்த அறிகுறிக்கு, எவ்வளவு, எத்தனை மணி நேர இடைவெளியில் என்பதும் அதில் இருக்கும். அந்த வரம்புக்குள் செவிலியர் உடனே மருந்து தரலாம். வரம்பைக் கடந்த தேவைக்கு மருத்துவரை அழைத்தாக வேண்டும்.

மூன்று வகைத் தேவைகள்

முதல் வகை, ஒரு நிமிடமும் காத்திராதவை: மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, வலிப்பு, நினைவு தடுமாறுதல், மருந்து செலுத்தியபின் தடிப்பும் முகவீக்கமும், இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்குதல். இவற்றில் செவிலியர் முதலுதவியைத் தொடங்கிக்கொண்டே மருத்துவரை அழைப்பார்.

இரண்டாம் வகை, விரைவில் கேட்டறிய வேண்டியவை: எழுதிய மருந்துக்கும் தணியாத வலி, மாத்திரை வயிற்றில் தங்காத அளவு வாந்தி, சிறுநீர் குறைதல். மருந்தை நிறுத்திவைப்பதும் ஒரு முடிவே. இரவு உணவு உண்ணாத சர்க்கரை நோயாளிக்கு வழக்கமான இன்சுலினைச் செலுத்தினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். ஆகவே செலுத்துவதற்கு முன் செவிலியர் மருத்துவரிடம் கேட்பார்.

மூன்றாம் வகை, காலை வரை பொறுக்கத்தக்கவை: சத்து மாத்திரை, நெடுநாள் மலச்சிக்கல், காலையில் தரவேண்டிய மருந்து பற்றிய ஐயம். உறக்கமின்மையும் பெரும்பாலும் இவ்வகையே. ஆனால் முதியவர் ஒருவர் உறங்காமல், இடம் தெரியாமல் பிதற்றினால் அது முதல் வகை. அவருக்குத் தூக்க மாத்திரை கேட்பதைவிட, குழப்பத்தின் காரணத்தைக் கண்டறிவதே முக்கியம்.

எண்கள் தரும் எச்சரிக்கை

இம்முடிவை உள்ளுணர்வுக்கு மட்டும் விட்டுவிடாதிருக்க, பிரிட்டனின் ராயல் மருத்துவர் கல்லூரி 2012-இல் ஒரு முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையை வெளியிட்டு, 2017-இல் திருத்தியது. மூச்சு வேகம், ஆக்சிஜன் செறிவு, ஆக்சிஜன் உதவி, இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, நினைவுநிலை, உடல் வெப்பம் ஆகியவற்றுக்கு மதிப்பெண் இடப்படும். மொத்தம் 5 ஆனால் மருத்துவர் விரைந்து வர வேண்டும். 7 ஆனால் அது அவசரநிலை.

ஒரு நோயாளியை எண்ணிப் பாருங்கள். மூச்சு நிமிடத்துக்கு 22 (மதிப்பெண் 2), ஆக்சிஜன் 95 விழுக்காடு (1), மேல் இரத்த அழுத்தம் 104 (1), நாடி 112 (2), வெப்பம் 101 டிகிரி ஃபாரன்ஹீட் (1). நினைவு தெளிவாக உள்ளது. ஆக்சிஜன் உதவி இல்லை. தனித்தனியே பார்த்தால் எதுவும் பெரிதாகத் தோன்றாது, கூட்டினால் 7. உறவினர் கேட்பது காய்ச்சல் மாத்திரை ஒன்றே. செவிலியரோ மருத்துவரை நேரில் அழைக்கிறார். மாத்திரையால் வெப்பம் தணிந்துவிடலாம். இரத்தத்தில் பரவும் தொற்று அதனால் தணியாது.

தொலைபேசியில் உத்தரவு

மருத்துவர் தொலைபேசியில் மருந்து கூறினால், செவிலியர் அதனை முதலில் எழுதி, பின்னர் உரக்கப் படித்துக் காட்டி, 'சரி' என்ற உறுதியைப் பெற வேண்டும். 'பிஃப்டீன்', 'பிஃப்டி' இரண்டும் தொலைபேசியில் ஒன்றுபோல் ஒலிக்கும். 'ஒன்று, ஐந்து' என்று இலக்கம் இலக்கமாகச் சொன்னால் பிழை நேராது. இந்தச் சில நிமிடங்களை வீண் தாமதம் என்று கருதவேண்டாம்.

உறவினரின் குரல்

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், தீக்காயத்திலிருந்து தேறிவந்த ஜோசி கிங் என்னும் ஒன்றரை வயதுக் குழந்தை 2001-இல் இறந்தது. குழந்தை தாகத்தால் தவிப்பதைத் தாய் பலமுறை கூறியிருந்தார். போதைத் தன்மையுள்ள வலிமருந்து தரவேண்டாம் என்று வாய்மொழியாகச் சொல்லப்பட்டிருந்தும், பின்னர் அத்தகைய மருந்து வந்தபோது தாய் தடுத்தார். உத்தரவு மாறிவிட்டது என்று கூறி மருந்து கொடுக்கப்பட்டது. தாயின் சொல் கேட்கப்பட வேண்டும் என்பதை மருத்துவ உலகம் இதிலிருந்து கற்றது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், நோயாளியின் நிலை மோசமாகிறது என்று அஞ்சும் குடும்பத்தினர் மறு ஆய்வு கோர இன்று விதியே உண்டு.

நீங்கள் செய்யத்தக்கவை இவை:

1. வீட்டில் உண்ணும் மருந்துகளின் அட்டைகளையும் சீட்டுகளையும் சேர்க்கையின்போதே கொடுங்கள். நகரி, புத்தூர்ப் பக்கத்திலிருந்து வருவோர் சீட்டு தெலுங்கில் இருப்பினும் தயங்கவேண்டாம்.
2. ஒவ்வாமையை ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள்.
3. 'ஒரு மாத்திரை கொடுங்கள்' என்பதைவிட, 'பத்து மணிக்கு வலி தொடங்கியது, முதுகுக்குப் பரவுகிறது' என்பது செவிலியருக்கு உதவும்.
4. கைவசமுள்ள மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள்.
5. மாலை பார்வையின்போதே, 'இரவில் வலி வந்தால் என்ன தருவார்கள்?' என்று மருத்துவரிடம் கேளுங்கள்.
6. 'இவர் வழக்கம்போல் இல்லை' என்று தோன்றினால் உடனே சொல்லுங்கள். கவனிக்கப்படவில்லையெனில் பணி மருத்துவரை அழைக்கும்படி கேளுங்கள்.

மருத்துவரின் உறக்கம் கெடுமே என்று செவிலியரும் தயங்கவேண்டாம். தொல்லை கொடுக்கிறோமோ என்று நீங்களும் தயங்கவேண்டாம். அழைப்பை ஏற்பது இரவுப் பணி மருத்துவரின் கடமை.