பிங் போகிறது, வேலை ஏன் இழுக்கிறது?

கேள்வி: எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் 16 நோடுகள் கொண்ட கிளஸ்டர் இருக்கிறது. ஈ.டி.ஆர். இன்ஃபினிபேண்ட் கார்டு, ஒரே ஒரு ஸ்விட்ச். சில வாரங்களாக, எல்லா நோடுகளையும் சேர்த்து ஓட்டும் எம்.பி.ஐ. வேலைகள் இழுத்துக்கொண்டே போகின்றன. பிங் அடித்தால் எல்லா நோடும் பதில் சொல்கிறது. எந்த நோடில் கோளாறு என்று டெர்மினலில் இருந்தே கண்டுபிடிக்க வழி உண்டா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உண்டு. முதலில் பிங்கை நம்புவதை விடுங்கள். பெரும்பாலான கிளஸ்டர்களில் ஒவ்வொரு நோடுக்கும் இரண்டு நெட்வொர்க் இருக்கும். லாகினுக்கும் நிர்வாகத்துக்கும் சாதாரண ஈதர்நெட்; கணக்கு ஓடும்போது நோடுகள் தரவைப் பரிமாறிக்கொள்ள இன்ஃபினிபேண்ட். நோடின் பெயரைக் கொடுத்து அடிக்கும் பிங் பெரும்பாலும் ஈதர்நெட்டில்தான் போய் வரும். இன்ஃபினிபேண்ட் கேபிளைக் கழற்றிவிட்டாலும் அது பதில் சொல்லும்.

உங்களுக்குத் தேவையானது லினக்ஸில் கிடைக்கும் ‘இன்ஃபினிபேண்ட் டயாக்ஸ்’ தொகுப்பு. அதில் முதலில் பழக வேண்டிய கட்டளை ‘ஐபிஸ்டாட்’. சேர்த்து, சிறிய எழுத்தில் அடியுங்கள். ரூட் அனுமதி தேவையில்லை. கார்டின் பெயர், ஃபர்ம்வேர் பதிப்பு, ஜி.யூ.ஐ.டி. என்று வரிசையாக வரும். அவற்றில் ஸ்டேட், ஃபிசிக்கல் ஸ்டேட், ரேட் என்ற மூன்று வரிகளைச் சேர்த்துப் படியுங்கள்.

ஸ்டேட் ‘ஆக்டிவ்’, ஃபிசிக்கல் ஸ்டேட் ‘லிங்க்அப்’ என்றிருந்தால் இணைப்பு உயிரோடு இருக்கிறது. ‘டவுன்’, ‘போலிங்’ என்றால் கார்டு கூப்பிடுகிறது, மறுமுனையில் பதில் இல்லை: கேபிள் சரியாக உட்காரவில்லை, அல்லது ஸ்விட்ச் போர்ட் வேலை செய்யவில்லை. ‘டிசேபிள்டு’ என்றால் அந்தப் போர்ட்டை யாரோ நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

‘லிங்க்அப்’ இருக்கும், ஆனால் ஸ்டேட் ‘இனிஷியலைசிங்’கிலேயே நிற்கும். புதியவர்களைக் குழப்புவது இந்த நிலைதான். இங்கே கேபிளில் குறை இல்லை. இன்ஃபினிபேண்டில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் ‘லிட்’ என்ற 16 பிட் முகவரியைக் கொடுப்பதும், யாருக்கு எந்த வழி என்று தீர்மானிப்பதும் சப்நெட் மேனேஜரின் வேலை. அது கிடைக்காவிட்டால் போர்ட் ‘ஆக்டிவ்’ ஆகாது. ஏதாவது ஒரு நோடில் ‘ஓபன்எஸ்எம்’ ஆகவோ, ஸ்விட்சுக்குள்ளேயோ அது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். எல்லா நோடுகளும் ஒரே நேரத்தில் ‘இனிஷியலைசிங்’கில் நின்றால் கேபிளைத் தொடாதீர்கள், ‘எஸ்எம்இன்ஃபோ’ கட்டளையைக் கொடுத்து, மாஸ்டர் இருக்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் வேலை நிற்கவில்லை, இழுக்கிறது. அதனால் எனக்குச் சந்தேகம் மூன்றாவது வரியான ரேட்டின் மேல்தான். வழக்கமான இன்ஃபினிபேண்ட் இணைப்பில் நான்கு தடங்கள் உண்டு. நான்கும் சேர்ந்துதான் ஈ.டி.ஆர். கார்டுக்கு 100 ஜிகாபிட், எச்.டி.ஆர். என்றால் 200. ஒரு தடத்தில் பழுது வந்தாலும் இணைப்பு அறுந்துவிடாது. ஒரே தடத்துக்குச் சுருங்கி ஓடும். நான்கு வழிச்சாலையில் மூன்று வழிகளை அடைத்துவிட்டு ஒன்றில் வண்டிகளை விடுவது போலத்தான். அப்போதும் ஸ்டேட் ‘ஆக்டிவ்’, ஃபிசிக்கல் ஸ்டேட் ‘லிங்க்அப்’. ரேட் மட்டும் 100க்குப் பதில் 25. எம்.பி.ஐ.யின் கூட்டுச் செயல்பாடுகளில் எல்லா நோடும் ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கும் என்பதால், அந்த ஒரு நோடு மற்ற பதினைந்தையும் தன் வேகத்துக்கு இழுத்துவிடும்.

ஒவ்வொரு நோடாக ஏறி இறங்கிப் பார்க்கத் தேவையில்லை. ரூட்டாக ‘ஐபிலிங்க்இன்ஃபோ’ என்று அடித்தால் ஸ்விட்சின் எல்லா போர்ட்டும் ஒரே திரையில் வந்துவிடும். நல்ல வரியில் ‘4எக்ஸ் 25.78125 ஜிபிபிஎஸ் ஆக்டிவ்/லிங்க்அப்’ என்றிருக்கும். 4எக்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் 1எக்ஸ் இருந்தால் அதுதான் உங்கள் ஆள். திறனைவிடக் குறைவாக ஓடும் இணைப்புக்கு, எவ்வளவுக்குப் போகலாம் என்ற குறிப்பையும் வரியின் கடைசியில் அதுவே போட்டுவிடும்.

ரேட் எல்லாம் சரியாக இருந்தால் அடுத்தது ‘ஐபிக்யூயரிஎரர்ஸ்’. சிம்பல் எரர், லிங்க் டவுன்டு என்ற எண்ணிகளைப் பாருங்கள். ஆனால் பார்த்த உடனே தீர்ப்பு எழுதிவிட வேண்டாம். இவை பழைய கணக்கையும் சுமந்திருக்கும். நோடை ரீபூட் செய்ததுகூட லிங்க் டவுன்டில் ஏறியிருக்கும். அடிப்படை எண்ணியில் சிம்பல் எரர் 65,535ஐத் தொட்டால் அங்கேயே நின்றுவிடும், திரும்பச் சுழியத்துக்கு வராது. ஆகவே ‘கே’ ஆப்ஷன் கொடுத்து எண்ணிகளைத் துடையுங்கள், வழக்கமான வேலையை ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள், பிறகு பாருங்கள். அந்த ஒரு மணி நேரத்துக்குள் விறுவிறுவென ஏறும் எண்தான் சாட்சி.

போர்ட்டைப் பிடித்த பிறகு கேபிளைக் கழற்றி, ‘கிளிக்’ என்று சத்தம் வரும்வரை மறுபடி செருகுங்கள். தீரவில்லை என்றால் நன்றாக ஓடும் நோடின் கேபிளோடு மாற்றிப் போடுங்கள். கோளாறும் கேபிளோடு இடம் மாறினால் கேபிளை மாற்றுங்கள். மாறாவிட்டால் ஸ்விட்சில் வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள். அப்போது சரியானால் பழைய போர்ட் பழுது, அப்போதும் தீராவிட்டால் கார்டு.

எல்லாம் சரியானதும் ‘ஐபிலிங்க்இன்ஃபோ’ தரும் பட்டியலை ஒரு கோப்பில் சேமித்துவையுங்கள். அடுத்த முறை சந்தேகம் வரும்போது ஒப்பிட அது உதவும். ஸ்லர்ம் வைத்திருந்தால், அதன் ‘ஹெல்த்செக்’ ஸ்கிரிப்டில் ரேட் 100 இருக்கிறதா என்ற சோதனையையும் சேர்த்துவிடுங்கள். ‘ஆக்டிவ்’ என்ற சொல்லைப் பார்த்ததோடு நிறுத்திவிடாதீர்கள். பக்கத்தில் உள்ள ரேட்டையும் பார்த்த பிறகே அந்த நோடு நன்றாக இருக்கிறது என்று சொல்லுங்கள்.