ஸ்டாக் மலர்: வெளிறிய நாற்றைப் பிடுங்காதீர்!

கிராம்பு மணம் வீசும் ஸ்டாக், கொத்து மலராக விற்க ஏற்றது. இது குளிர் விரும்பும் பயிர். வெப்பம் நீடித்தால் பல இரகங்கள் மொட்டு கட்டாமல் இலையாகவே வளரும். ஆகவே தமிழ்நாட்டில் உதகை, கொடைக்கானல் போன்ற மலைப் பகுதிகளே இதற்கு உகந்தவை. சமவெளியில் பயிரிட்டால் நட்டமே மிஞ்சும்.

மேட்டுப்பாத்தியில் கோடு கிழித்து, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் விதைத்து, மெல்லிய மணலால் மூடிப் பூவாளியால் நீர் தெளிக்க வேண்டும். 7 முதல் 14 நாட்களில் முளைக்கும். ஈரம் மிகுந்தால் நாற்றுகள் அழுகும்.

ஒரே விதையில் ஒற்றைப் பூச்செடியும் அடுக்குப் பூச்செடியும் கலந்து வரும். நல்ல விலை பெறுவது அடுக்குப் பூவே. இரண்டு இலைப் பருவத்தில், 10 டிகிரி செல்சியசுக்குக் குறைந்த குளிர் சில நாட்கள் பட்டால், நாற்றில் பிரித்தறியக்கூடிய இரகங்களில் அடுக்கு நாற்று வெளிறிய பச்சையாகவும், ஒற்றை நாற்று கரும்பச்சையாகவும் தெரியும். வெளிறியதை நோஞ்சான் என்று களைந்தால், காசு தரும் செடியே போய்விடும்.

நாற்றுகளை 15 முதல் 20 சென்டிமீட்டர் இடைவெளியில் நடலாம். ஸ்டாக்கும் முட்டைக்கோசும் ஒரே குடும்பம். வேர் வீங்கும் நோய் கண்ட கோஸ் நிலத்தில் இதை நடக்கூடாது. புளிப்பு மண்ணுக்கு முன்னதாகவே சுண்ணாம்பு இட வேண்டும்.

கதிரில் பாதிப் பூக்கள் விரிந்ததும் காலையில் அறுத்து உடனே நீரில் வைக்க வேண்டும்.

அடுக்குப் பூச்செடி விதை கட்டாது. எனவே அடுத்த போகத்துக்கு விதை எடுக்கச் சில ஒற்றைச் செடிகளை விட்டு வைப்பது அவசியம்.