சிறுத்த இரைப்பையும் சிறுக்காத தேவையும்

வயிறு நிறைதல் ஒன்று. சரீரம் போஷிக்கப்படுதல் மற்றொன்று. இவ்வுண்மையை, நீலகிரிக் குன்னூரிலே ராபர்ட் மக்காரிசன் என்னும் வைத்திய நிபுணர், 1920-களில் எலிகளுக்குப் பல பிரதேச உணவுகளை ஊட்டி விளக்கினார். கோதுமை, பால், காய்கறி உண்டவை செழித்தன. அரிசியே பிரதானமாக உண்டவை மெலிந்தன. அதே பாடத்தை இன்று, அதிபருமனைக் குறைக்கச் சஸ்திர சிகிச்சை செய்துகொண்டோரிடத்தில் நாம் மீண்டும் காண்கிறோம்.

அச்சிகிச்சையின் ஒரு முறையை அமெரிக்காவின் அயோவாவில் எட்வர்ட் மேசன் 1966-இல் தொடங்கினார். இரைப்பையைச் சிறு பையாக்கி, முன்சிறுகுடலை விலக்கி, உணவை அப்பாலுள்ள குடலிற் செலுத்துவது அம்முறை. இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் பெரிதும் ஏற்கப்படும் இடமோ அம்முன்சிறுகுடலே. பி12 என்னும் வைட்டமினுக்கு இரைப்பையிற் சுரக்கும் ஒரு புரதத்தின் துணை வேண்டும். நமது திண்டுக்கல் பூட்டுக்கு அதற்குரிய சாவி எப்படியோ, சிறுகுடலின் கடைப்பகுதிக்கு அப்புரதம் அப்படி. சாவி குறைந்தால், உண்ட பி12 வாயிலிலேயே நின்றுவிடும். இரைப்பையின் பெரும்பகுதியை நீக்கிவிடும் மற்றொரு முறையிலும் இக்குறைகள் உண்டாகக்கூடும்.

ஈரலிற் சேமித்த பி12 சில ஆண்டுகள் தாங்கும். ஆதலின் குறை மறைந்திருந்து, கைகால் மரத்த பின்னரே வெளிப்படலாம். காலம் தாழ்த்தினால் நரம்புக்கேடு முற்றும் நீங்காமற் போகலாம். தயமின் என்னும் பி1 சத்தின் சேமிப்போ சில வாரங்களிலே தீரும். சிகிச்சைக்குப்பின் ஓயாது வாந்தியெடுப்பவர் உடனே வைத்தியரை நாட வேண்டும்.

ஒட்டன்சத்திரச் சந்தையின் முருங்கையும், கேழ்வரகும், தயிரும் நல்லனவே. ஆயினும் சிறிதே உண்ணக்கூடியவர்க்கு அவை மட்டும் போதா. வைத்தியர் குறித்த சத்து மாத்திரைகளை ஆயுள் முழுதும் உட்கொள்ள வேண்டும். இரும்பு மாத்திரைக்கும் சுண்ணாம்புச் சத்து மாத்திரைக்கும் இரண்டு மணி நேரமேனும் இடைவெளி வேண்டும். இரும்பைத் தேநீரோடு உட்கொள்ளலாகாது. முதலாண்டில் சில மாதங்களுக்கொரு முறையும், பின்னர் ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனை அவசியம்.

நோய் தீர்ந்ததும் மருந்தை விடுவது நம்மவர் வழக்கம். “நன்றாய்த்தானே இருக்கிறாய், இன்னும் மாத்திரை எதற்கு?” என்று அன்போடு கேட்பவர் வீட்டாரே. இம்மாத்திரை நோய்க்கு மருந்தன்று. சரீரம் இழந்த வழிக்கு ஈடு. விடுமுறையில் ஊர் செல்லும் மாணவராகிய நாம், அத்தகையோர் இல்லங்களில் இதனைப் பொறுமையுடன் எடுத்துரைப்போமாயின், நாம் கற்ற கல்வி ஒருவர் நரம்பையேனும் காத்ததாகும்.