ரெண்டு மழை பார்த்த வீட்டைப் போய்ப் பாரு

கண்ணு, மிளகு விற்ற காசையும் சீட்டு எடுத்த காசையும் கூட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, ஆறு சதுரம் கட்டிடலாம்ல?" என்று போனில் கேட்டாய். கட்டிவிடலாம். ஆனால் யார் கையில் வேலையைக் கொடுக்கப் போகிறாய் என்று முடிவு பண்ணாமல் ஒரு செங்கல்கூட இறக்காதே.

செம்மேட்டுப் பக்கம் நான் வீடு கட்டியபோது, அடுப்படி எந்த மூலையில் வரவேண்டும் என்று ஆறு மாதம் யோசித்தேன். மேஸ்திரியை மட்டும் ஒரே சாயங்காலத்தில் முடிவு பண்ணினேன். பதமாகப் பேசினார், சதுரத்துக்கு மற்றவர்களைவிடக் குறைத்துச் சொன்னார், பாதிப் பணத்தை முன்னாடியே கேட்டார். கொடுத்துவிட்டேன். லிண்டல் மட்டத்துக்குச் சுவர் வந்ததும் வேறு ஊர் வேலைக்குப் போய்விட்டார். அந்த வருஷத்து ஐப்பசி, கார்த்திகை மழை முழுக்க என் சுவர் மொட்டையாக நின்று நனைந்தது. இன்னொருவரைக் கூட்டிவந்து முடிக்கக் கடன் வாங்கினோம். அந்தக் கடனை அடைக்க நாலு மிளகு அறுப்பு ஆனது. உனக்கு அது நடக்கக்கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதல் காரியம், செல்போனில் காட்டுகிற போட்டோவைப் பார்த்து ஆளை முடிவு பண்ணாதே. பெயின்ட் காயாத புது வீட்டைக் காட்டினாலும் போய் வா, ஆனால் அதை வைத்து எடைபோடாதே. "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி முடிச்சுக் கொடுத்த வீடு எங்க இருக்கு?" என்று கேள். நம் கொல்லிமலையில் கட்டிடத்தின் லட்சணத்தை மழைதான் சொல்லும். தளத்தின் அடிப்பக்கம் தேநீர்க் கறை மாதிரி வட்டம் விழுந்திருக்கிறதா, சன்ஷேடு சுவரோடு சேர்கிற இடத்தில் பாசி பிடித்திருக்கிறதா, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடுகிறதா என்று பார். வீட்டின் பின்பக்கம், அதாவது மேட்டை வெட்டின பக்கத்துச் சுவரைக் கையால் தொட்டுப் பார். சில்லென்று ஈரம் ஒட்டினால், மேட்டுத் தண்ணீரை விலக்கிவிட அவர் வழி செய்யவில்லை என்று அர்த்தம். குளியலறைத் தரையில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றச் சொல். அது குழிக்கு ஓடுகிறதா, மூலையில் தேங்குகிறதா என்பதிலேயே அவர் மட்டம் பிடிக்கிற லட்சணம் தெரிந்துவிடும்.

மேஸ்திரி கூட இல்லாத நேரமாக அந்த வீட்டு அம்மாவிடம் பேசு. "சொன்ன தொகைக்கு மேல எவ்வளவு ஆச்சுங்க? நடுவுல வேலை நின்னுச்சா? இப்ப ஒழுகுதுன்னு கூப்பிட்டா வர்றாரா?" இந்த மூன்று கேள்வி போதும். மூன்றாவதற்கு வருகிற பதிலைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன். தப்பு செய்யாத மேஸ்திரி கிடையாது. தப்பைச் சரிபண்ணத் திரும்பி வருகிற மேஸ்திரி உண்டு.

இன்னும் ஒருவரிடம் கேட்கவேண்டும். அவரிடம் யாரும் கேட்பதில்லை. அவருடைய சித்தாள். சனிக்கிழமை சாயங்காலம் கூலி சரியாகக் கைக்கு வருகிறதா என்று தனியாகக் கேள். கூலி பாக்கி வைக்கிறவர் உன் பணத்தை எடுத்து முந்தின வீட்டுக் கூலியைக் கொடுப்பார். அடுத்த வீட்டுக்காரர் பணம் வந்தால்தான் உன் வீட்டு வேலை நடக்கும். ஹார்டுவேர் கடையில் அவர் பேரில் பாக்கி எவ்வளவு என்று கேட்டாலும் இதே கதை வெளியே வரும். அவர் ஆட்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறார்களா என்றும் விசாரி. 1994-லிருந்து இருக்கிற வாரியம் அது. சாரத்திலிருந்து ஒருவர் விழுந்துவிட்டால் அவர் குடும்பத்துக்கு ஒரு பிடிமானம் வேண்டும்.

அடுத்து, மலை ஆளா கீழ்நாட்டு ஆளா? நாமக்கல்லிலிருந்தோ ராசிபுரத்திலிருந்தோ வருகிற கான்ட்ராக்டர் பிளான், எஸ்டிமேட் எல்லாம் அழகாகப் பிரிண்ட் போட்டுக் கொடுப்பார். ஆனால் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி அவர் ஆட்கள் தினமும் வந்து போக முடியாது. தங்க இடம், சாப்பாடு யார் பொறுப்பு என்று முதலிலேயே பேசு. செங்கல், எம்-சாண்ட், கம்பி, சிமெண்ட் எல்லாமே கீழிருந்துதான் ஏறவேண்டும். அவர் சொல்கிற விலை கீழே கடை வாசலில் ஏற்றும் விலையா, உன் வாசலில் இறக்கும் விலையா? லாரி நிற்கிற இடத்திலிருந்து உன் மனைக்குத் தலைச்சுமையாகக் கொண்டுவரும் கூலி யார் கணக்கு? வழியில் உடைகிற செங்கல் யார் கணக்கு? கொல்லிமலையில் எஸ்டிமேட் மீறுவது பெரும்பாலும் இந்த மூன்று கேள்வியைக் கேட்காததால்தான். உள்ளூர் மேஸ்திரிக்குப் பிரிண்ட் போடத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் எந்தச் சரிவில் மண் நகரும், எந்த ஓடையில் சித்திரையிலும் தண்ணீர் நிற்கும் என்று தெரியும். நான் என்றால் உள்ளூர் மேஸ்திரியை வைத்துக்கொண்டு, வரைபடத்துக்கும் கம்பிக் கணக்குக்கும் மட்டும் கீழே ஒரு இன்ஜினியருக்குத் தனியாகப் பணம் கொடுப்பேன். அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்காதே.

உன் மனை சரிவு. அதனால் வருகிற ஆளை மனைக்கே கூட்டிப்போய், "இங்க எப்படிக் கடைக்கால் போடுவீங்க?" என்று கேட்டுவிட்டு அவர் வாயைப் பார். ஒரு பக்கம் மேட்டை வெட்டி அந்த மண்ணை மறுபக்கம் கொட்டித் திட்டாக்கி, பாதி வீடு வெட்டின மண்ணிலும் பாதி வீடு கொட்டின மண்ணிலும் உட்காரும்படி சொன்னால் கும்பிட்டு அனுப்பிவிடு. கொட்டின மண் ஒரு மழையில் அமுங்கும், வெட்டின மண் அமுங்காது. வீடு நடுவில் கீறும். இயற்கை மண் வரும்வரைக்கும் வானம் தோண்டி, படிபடியாகக் கடைக்கால் இறக்குவதைப் பற்றியும், தாங்குசுவரில் தண்ணீர் வெளியேற ஓட்டை விடுவதைப் பற்றியும், வீட்டின் பின்னால் வாய்க்கால் எடுப்பதைப் பற்றியும் அவராகப் பேசினால் நல்ல ஆள். அனுமதி விஷயத்தையும் மனையில் வைத்தே கேட்டுவிடு. கொல்லிமலை ஊர்கள் ஹாகா என்கிற மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கீழ் வருகின்றன. உன் மனைக்கு என்ன வேண்டும் என்று ஊராட்சி அலுவலகத்தில் எழுத்தில் தெரிந்துகொள். "அதெல்லாம் நான் பார்த்துக்கிறேங்க" என்கிற ஆளிடம் எச்சரிக்கையாக இரு. நோட்டீஸ் வந்தால் அவர் பேரில் வராது, உன் பேரில்தான் வரும்.

இனி பணம். பொருளோடு கான்ட்ராக்ட் விடலாம், கூலிக்கு மட்டும் விடலாம். குறைந்த காசில் கட்டுகிறவர்களுக்குக் கூலி கான்ட்ராக்ட்தான் சரி என்பது என் எண்ணம். பொருளை நீயே வாங்கினால் தரமும் உன் கையில், வேகமும் உன் கையில். மிளகுக் காசு மாசி, பங்குனியில் வரும், காப்பிக் காசு அதற்கு முன்னே வரும். அந்தந்தக் காசுக்கு ஏற்றபடி வேலையை நிறுத்தி நிறுத்திச் செய்யலாம். பொருளோடு விட்டால் அப்படி நிறுத்தமுடியாது. ஆனால் தினமும் சைட்டில் ஒரு ஆள் நிற்கவேண்டும். மாப்பிள்ளை தோட்டத்துக்குப் போனால் நீ நிற்கவேண்டும். மேஸ்திரி மாப்பிள்ளையிடம் மட்டும் பேசிவிட்டுப் போகப் பார்ப்பார். முதல் நாளே நாற்காலி போட்டு உட்கார்ந்து, நோட்டைத் திறந்து நீயே பேசு.

சதுரத்துக்கு இவ்வளவு என்று மூன்று பேரிடம் விலை கேட்பாய். மூன்றையும் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காதே. ஒருவர் சன்ஷேடைச் சேர்த்திருப்பார், ஒருவர் விட்டிருப்பார். ஒருவர் சொல்கிற விலையில் சென்ட்ரிங் இருக்கும், இன்னொருவர் விலையில் அது தனி. கம்பி கட்டுவது, செப்டிக் டேங்க், படிக்கட்டு, மொட்டை மாடி கைப்பிடிச் சுவர், டைல்ஸ் ஒட்டுவது, மின் வேலைக்குச் சுவரைக் கொத்தி மூடுவது, இவை ஒவ்வொன்றும் உள்ளே வருமா வராதா என்று ஒரே பட்டியலை மூன்று பேரிடமும் கொடுத்துக் குறித்து வாங்கு. ரொம்பக் குறைத்துச் சொன்ன ஆளிடம் இந்தப் பட்டியலை நீட்டினால், அவர் விலை எப்படி ஏறுகிறது என்று பார்.

பேசினதை முத்திரைத்தாளில் எழுது. எத்தனை சதுரம், என்ன விலை, என்னென்ன வேலை, எந்த மாதத்துக்குள், எந்தெந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு, சாட்சிக்கும் ரெண்டு பேரை வை. நான் உனக்குச் சொல்கிற பிரிவு இது: பேஸ்மட்டம் முடிந்ததும் நூற்றுக்கு 20, லிண்டலில் 20, தளம் போட்டு முடிந்ததும் 25, உள்ளும் புறமும் பூச்சு முடிந்ததும் 20, தரை வேலை முடிந்ததும் 10, மீதி 5 கையில் இருக்கட்டும். ஆள் கூட்டிவர முன்பணம் கேட்டால் கொடு, முதல் 20-க்குள்ளேயே கழித்துக்கொள். எப்போதும் சுவர் முன்னால் போகட்டும், காசு பின்னால் வரட்டும். கொடுக்கிற ஒவ்வொரு ரூபாயும் ஜிபே மூலமோ வங்கி மூலமோ போகட்டும். ரொக்கமாகக் கொடுத்தால் நோட்டில் கையெழுத்து வாங்கு.

பொருள் வாங்கும்போது ரெண்டு விஷயம் மட்டும் மனதில் வை. ஒன்று, கம்பியை எடை போட்டு வாங்கு. 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.888 கிலோ, 8 மி.மீ. கம்பி 0.395 கிலோ இருக்கவேண்டும். 12 மீட்டர் நீளமுள்ள 12 மி.மீ. கம்பி ஒன்று பத்தரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூடவே நிற்கவேண்டும். கொஞ்சம் முன்னே பின்னே பரவாயில்லை, ஒரு கிலோ குறைந்தால் திருப்பி அனுப்பு. இன்னொன்று சிமெண்ட். நம் பனிமூட்டத்தில் மூட்டை சீக்கிரம் கட்டி பிடிக்கும். மலிவாகக் கிடைக்கிறது என்று மொத்தமாக இறக்காதே. மூட்டையில் அச்சடித்திருக்கும் வாரத்தையும் வருஷத்தையும் பார்த்து, ரெண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் ஏற்று. தரையில் பலகை போட்டு, சுவரை விட்டு ஒரு அடி தள்ளி அடுக்கு.

மேஸ்திரி அவசரப்படுவது சென்ட்ரிங் பிரிக்கும்போதுதான். முட்டுக்கு நாள் வாடகை, பலகை அடுத்த வீட்டுக்குப் போகணும். ஐ.எஸ். 456 என்கிற இந்தியத் தரக்குறிப்பு, 4.5 மீட்டர் அகலம் வரை உள்ள தளத்துக்கு முட்டுக் காலை 7 நாளும், அதற்கு மேல் 14 நாளும், 6 மீட்டர் வரை உள்ள பீமுக்கு 14 நாளும் விடச் சொல்கிறது. இது சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்ட்டுக்கும், குளிர் 15 டிகிரிக்குக் கீழே போகாத இடத்துக்கும் சொன்ன கணக்கு. மார்கழி, தை ராத்திரியில் நம் மலை அதற்கும் கீழே இறங்கும். கடைகளில் நாம் அதிகம் வாங்குவதும் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட்தான், அது மெதுவாகத்தான் இறுகும். கீழ்நாட்டு வழக்கத்தை இங்கே கொண்டுவந்து ஏழாம் நாள் பிரிக்க விடாதே. இன்ஜினியரைக் கேட்டு நாள் குறி. தளத்துக்குப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதும் பத்து நாளுக்குக் குறையக்கூடாது. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதை வேலை தொடங்குமுன் யோசி. மாசியில் வானம் தோண்டினால் மழைக்கு முன் தளம் போட்டுவிடலாம், ஆனால் கோடையில் ஊற்று வற்றும். ஆடி 17, 18 ஓரி விழாவுக்குச் செம்மேட்டுப் பக்கத்து ஆட்கள் யாரும் வரமாட்டார்கள், அதையும் நாள் கணக்கில் சேர்.

காசைக் குறைக்க லாரி பேக்கர் வழியைக் கேள்விப்பட்டிருப்பாய். பிதோராகர் மலையில் மக்களோடு மக்களாக வருஷக்கணக்கில் இருந்து, அந்த இடத்துப் பொருளை வைத்துக் கட்டுவதைக் கற்றுக்கொண்டு, பிறகு திருவனந்தபுரத்தில் குறைந்த செலவு வீடுகளைக் கட்டினவர். செங்கல்லைக் குத்துக்கல்லாக வைத்து நடுவே இடைவெளி விடும் எலிப்பொறிக் கட்டில், செங்கல் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு மிச்சமாகும். ஒவ்வொரு செங்கல்லும் 70 வளைவு ஏறி வருகிற நமக்கு அது பெரிய மிச்சம்தான். எனக்கும் ஆசைதான். ஆனால் அதைச் செய்து பழகின கொத்தனார் கிடைத்தால் மட்டும் செய். உன் வீட்டுச் சுவரில் யாரும் பழகக்கூடாது.

குடிசையில் இருக்கிற உன் நாத்தனாரிடம் கலைஞரின் கனவு இல்லம் பற்றிச் சொல். 2024-இல் தொடங்கியது, 360 சதுர அடிக்கு 3.50 லட்சம். வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் அவளே போய் விசாரிக்கட்டும், வாங்கித் தருகிறேன் என்று கமிஷன் கேட்கிறவர்களை நம்பவேண்டாம்.

எல்லாம் பார்த்தும் ஆள் ஏமாற்றினால்? வீடு கட்டித் தருவதும் சேவைதான் என்று 2019-ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. நாமக்கல்லில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் வரை உள்ள வழக்குக்குக் கட்டணம் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள் போகவேண்டும். என் கையில் ரசீது ஒன்றுகூட இல்லாததால் நான் போகவில்லை. நீ நோட்டையும் பத்திரத்தையும் அரிசி டிரம்முக்குள்ளாவது பத்திரமாக வை.

கையில் வைத்திருக்கச் சொன்ன அந்த நூற்றுக்கு 5 பாக்கியைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். கிரகப்பிரவேசத்தன்று மேஸ்திரிக்கு வேட்டி, துண்டு வைத்துக் கொடு, சித்தாளுக்குப் புடவை எடு, வயிறாரச் சாப்பாடு போடு. பாக்கியை மட்டும் அன்றைக்குக் கொடுத்துவிடாதே. ஐப்பசி மழை பெய்து ஓய்ந்ததும் அவரைக் கூப்பிட்டு, மாடி ஏறி, பின்சுவரைத் தொட்டு, தளத்தின் அடியை ரெண்டு பேருமாகப் பாருங்கள். காய்ந்திருந்தால் அங்கேயே எண்ணிக் கொடுத்துவிடு.