லாட்லியின் பொம்மைப் பெட்டி

நட்பு ஒத்த வயதினரிடையே மலர்வது என்பது உலகோர் கருத்து. விளையாடும் வயதில் விளையாட்டுத் தோழர், உழைக்கும் வயதில் உடன் பணியாற்றுவோர், முதுமையில் முதியோர் என்றே பெரும்பாலும் அது அமைகிறது. வாழ்வின் வாயிலில் நிற்கும் ஒரு சிறுமியும் அதன் கடைசிப் படியில் அமர்ந்திருக்கும் ஒரு மூதாட்டியும் ஒருவருக்கொருவர் துணையான கதையை இந்தி, உருது மொழிகளின் பெரும் எழுத்தாளரான முன்ஷி பிரேம்சந்த் எழுதியுள்ளார். காசிக்கு அருகிலுள்ள லம்ஹி என்னும் சிற்றூரில் 1880 ஆம் ஆண்டு பிறந்து 1936 ஆம் ஆண்டு மறைந்த அவர், கிராமக் குடும்பங்களின் உள்ளும் புறமும் அறிந்தவர். ஏறத்தாழ 100 ஆண்டுகளுக்கு முன் அவர் எழுதிய அக்கதையின் பெயர் 'பூடீ காகி'. தமிழில் 'முதிய சித்தி' எனலாம். இல்லறத்தில் இருந்துகொண்டே இறைநெறியில் நடக்க விழைவோர் ஒவ்வொருவரும் சிந்திக்க வேண்டிய பாடம் இக்கதையில் அடங்கியுள்ளது.

காகியின் நிலை

காகியின் கணவர் காலமாகி நெடுநாள் ஆகிவிட்டது. பெற்ற மக்களும் இளமையிலேயே இறந்தனர். மகன் முறையான புத்திராம் ஒருவனே எஞ்சிய உறவு. காகி தம் சொத்து முழுவதையும் அவன் பெயருக்கு எழுதிக் கொடுத்தார். எழுதும் வேளையில் அவன் அளித்த வாக்குறுதிகள் பல. எழுதி முடிந்தபின் அவற்றுள் ஒன்றும் நிலைக்கவில்லை. அச்சொத்திலிருந்து ஆண்டுக்கு 150, 200 ரூபாய்க்குக் குறையாத வருவாய் வந்தது. அக்காலக் கிராம வாழ்வில் அது நல்ல தொகையே. ஆயினும் அதை அளித்தவருக்கு வயிறார உணவு கிடைப்பது அரிதாயிற்று.

கண்ணும் கையும் காலும் ஓய்ந்துவிட்ட காகிக்கு நாவின் ஆசை மட்டும் ஓயவில்லை. உணவு நேரம் தவறினாலும், கடையிலிருந்து வந்த தின்பண்டம் தமக்குக் கிட்டாவிடினும் உரக்க அழுவார். புத்திராமின் மகன்களோ அவரைத் துன்புறுத்தி மகிழ்ந்தனர். ஒருவன் கிள்ளிவிட்டு ஓடுவான். மற்றவன் வாய் நீரைக் கொப்பளித்து அவர் மேல் உமிழ்வான். காகி அலறினாலும் எவரும் வருவதில்லை. அவர் உணவுக்காகவே அழுவார் என்று அனைவரும் முடிவு செய்திருந்தனர்.

நட்பு பிறந்த விதம்

அவ்வீட்டில் காகியிடம் அன்பு கொண்டிருந்தவள் புத்திராமின் சிறு மகள் லாட்லி மட்டுமே. அந்த அன்பு பிறந்த விதம் கவனிக்கத்தக்கது. தன் பங்குத் தின்பண்டத்தை அண்ணன்மார் பறித்துக்கொள்வர் என்று அஞ்சிய லாட்லி, அதை எடுத்துக்கொண்டு காகியின் அருகே வந்து உண்பாள். காகியும் ஆசையோடு கை நீட்டுவார். அவருக்கும் கொடுத்தாக வேண்டும். எனினும் அண்ணன்மாரிடம் முழுவதையும் இழப்பதைவிடக் காகியிடம் சிறிது இழப்பது மேல் என்று குழந்தை கண்டுகொண்டாள். சிறுமிக்குப் பாதுகாப்புக் கிடைத்தது. மூதாட்டிக்கு ஒரு வாய்ப் பண்டம் கிடைத்தது. இவ்வாறு தன்னலத்தில் தொடங்கிய உறவே நாளடைவில் பரிவாகக் கனிந்தது.

இருவரையும் இணைத்த வேறொன்றும் உண்டு. அவ்வீட்டில் இருவர் சொல்லுக்கும் மதிப்பில்லை. பிறர் கொடுத்தால் உண்ணலாம், கொடாவிடில் அழலாம். எனவே காகியின் அழுகையில் உள்ள வேதனை பெரியவர்களுக்குக் கேட்காவிடினும் லாட்லிக்குக் கேட்டது.

விருந்து நடந்த இரவு

புத்திராமின் மூத்த மகனுக்குத் திலகச் சடங்கு நடந்தது. வாயிலில் ஷெனாய் ஒலித்தது. பூரி பொரியும் மணம் இருட்டறையில் கிடந்த காகியை எட்டியது. நெடுநேரம் பொறுத்திருந்தும் அழைப்பார் எவருமில்லை. தரையில் தவழ்ந்து அடுப்பருகே வந்து அமர்ந்தார். ஓயாத வேலையால் எரிச்சலுற்றிருந்த புத்திராமின் மனைவி ரூபா, விருந்தினர் உண்பதற்கு முன் வந்தமைக்காகக் கடுஞ்சொற்களால் ஏசினாள். காகி மறுமொழி கூறாமல் திரும்பித் தவழ்ந்து சென்றார். பிறகு, இந்நேரம் அனைவரும் உண்டிருப்பர் என்று எண்ணி மீண்டும் வந்தார். விருந்தினர் இன்னும் உண்டுகொண்டிருந்தனர். பூரித் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் புத்திராம் அவருடைய கைகளைப் பற்றி இழுத்துச் சென்று இருட்டறையில் தள்ளினான்.

விருந்தினர் உண்டனர், வீட்டார் உண்டனர், வாத்தியக்காரரும் பணியாளரும் உண்டனர். காகியை உண்ண அழைக்க எவருக்கும் மனம் வரவில்லை. அவருக்குத் தண்டனை அளிக்க வேண்டும் என்பதே கணவன் மனைவி இருவரின் எண்ணம்.

லாட்லி இவை யாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். தனக்குக் கிடைத்த பூரிகளை அவள் உண்ணவில்லை. தன் பொம்மைப் பெட்டியில் அவற்றை மறைத்து வைத்தாள். காகிக்குக் கொடுக்கப்போகும் மகிழ்ச்சியில் அவளுக்கு உறக்கம் வரவில்லை. இரவு 11 மணியளவில் தாய் உறங்கியதும் பெட்டியுடன் எழுந்தாள். எங்கும் இருள், அடுப்பில் சிறிது தணல். வாயிலில் நின்ற வேப்பமரத்தைப் பார்த்தபோது அதன்மேல் அனுமன் அமர்ந்திருப்பதாகவும், அவருடைய வாலும் கதையும் தெரிவதாகவும் அவளுக்குத் தோன்றியது. அஞ்சிக் கண்களை மூடிக்கொண்டாள். அருகே படுத்திருந்த நாய் எழுந்ததும் அதுவே துணையாக, துணிவு பெற்றுக் காகியின் அறைக்குச் சென்றாள்.

உன் தாய் கொடுத்தனுப்பினாளா என்று காகி கேட்டார். இல்லை, இது என் பங்கு என்றாள் குழந்தை.

குழந்தையின் கைக்கு எட்டாதது

கதை இங்கேயே முடிந்திருந்தால் அது கேட்போர் மனம் குளிரும் கதையாக மட்டும் இருந்திருக்கும். பிரேம்சந்த் அவ்வாறு முடிக்கவில்லை. சில பூரிகள் நாள் முழுதும் பட்டினி கிடந்தவரின் பசியை ஆற்றவில்லை, மேலும் தூண்டிவிட்டன. தாயிடம் இன்னும் கேட்டு வா என்றார் காகி. எழுப்பினால் அடிப்பாள் என்றாள் லாட்லி. பெட்டியில் ஒட்டியிருந்த துகள்களையும் எடுத்து உண்ட காகி, விருந்தினர் உண்ட இடத்திற்குத் தம்மை அழைத்துச் செல்லுமாறு வேண்டினார். அவர் கருத்து குழந்தைக்கு விளங்கவில்லை. கைப்பிடித்து அழைத்துச் சென்று எச்சில் இலைகளின் அருகே அமர்த்தினாள். காகி அவ்விலைகளில் கிடந்த துண்டுகளைப் பொறுக்கி உண்ணத் தொடங்கினார்.

கண் விழித்த ரூபா, மகளைக் காணாது தேடி வந்தாள். எச்சில் இலைகளின் அருகே காகியையும், பக்கத்தில் வாய் பேசாது நிற்கும் மகளையும் கண்டாள். அவளுடைய சினமெல்லாம் அக்கணமே அடங்கியது. எவருடைய சொத்தின் வருவாயில் தன் குடும்பம் உண்கிறதோ, எவருடைய பொருளால் அன்று நூற்றுக்கணக்கானோர் விருந்துண்டனரோ, அவரே எச்சில் உண்கிறார். ரூபா வானத்தை நோக்கி இறைவனிடம் மன்னிப்பு வேண்டினாள். விளக்கேற்றினாள், பண்டசாலையைத் திறந்தாள், எல்லா உணவுகளையும் ஒரு தட்டில் நிறைத்து எடுத்துச் சென்றாள். தான் பெரும்பிழை செய்துவிட்டதாகக் காகியிடம் சொல்லி, உண்ணுமாறு வேண்டினாள். அடி வாங்கிய குழந்தை மிட்டாயைக் கண்டதும் எல்லாவற்றையும் மறப்பது போல, காகி மகிழ்ந்து உண்டார். ரூபா அருகிலேயே அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

கற்க வேண்டிய பாடங்கள்

முதலாவது, அன்பு தகுதி பார்ப்பதில்லை. காகி சாந்தமே உருவான மூதாட்டி அல்லர். உணவில் பேராசை உடையவர், பிடிவாதம் மிக்கவர், குழந்தையின் பண்டத்திலும் பங்கு கேட்டவர். லாட்லி இவற்றை அறிந்தே அவரை நேசித்தாள். முதியோர் இனிமையாகப் பேசினால் பணிவிடை செய்வோம், முணுமுணுத்தால் விலகிவிடுவோம் என்பது சேவை ஆகாது. முதுமையின் பிடிவாதத்தில் பாதி, நெடுநாளாகக் கேளாச் செவியில் விழுந்த வேண்டுகோளே ஆகும்.

இரண்டாவது, லாட்லி கொடுத்தது மிஞ்சியதை அன்று, தன் பங்கை. வீடு நிறைய உணவு மிஞ்சியிருந்த இரவில், உண்ணாமல் எடுத்து வைத்தவள் அக்குழந்தை ஒருத்தியே.

மூன்றாவது, பெரியோர் ஆற்ற வேண்டிய கடமையைக் குழந்தையின் அன்பு ஈடுசெய்ய இயலாது. தாத்தா பாட்டியிடம் எங்கள் பிள்ளைகள் மிகுந்த பாசம் உடையவர்கள் என்று பெற்றோர் பலர் பெருமை கொள்கின்றனர். அப்பாசம் போற்றத்தக்கதே. ஆனால் லாட்லியின் பெட்டி சிறியது. பண்டசாலையின் சாவி ரூபாவிடம் இருந்தது. மருந்தும் உணவும் மரியாதையும் எவர் கையில் உள்ளனவோ, அவர்களே கொடுக்க வேண்டும். ரூபா பொழுது விடியட்டும் என்று காத்திராமல், நள்ளிரவிலேயே விளக்கேற்றினாள். மனம் வருந்தியதோடு நில்லாமல் தட்டை நிறைத்ததே அவளுடைய மனந்திருந்துதலுக்குச் சான்று.

நான்காவது, சொத்தும் வாக்குறுதியும் பற்றியது. காகி எழுதிக் கொடுத்ததை மீட்க அன்று வழியில்லை. இன்று 2007 ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் உள்ளது. 60 வயது நிறைந்த ஒருவர், தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் சொத்தை எழுதிக் கொடுத்து, அந்நிபந்தனை மீறப்பட்டால், அம்மாற்றத்தைச் செல்லாததாக்குமாறு தீர்ப்பாயத்தை நாடலாம் என அதன் 23 ஆம் பிரிவு கூறுகிறது. எனவே வாய்மொழியை மட்டும் நம்பாது, நிபந்தனையை ஆவணத்திலேயே எழுதுவது முதியோர்க்கு நன்று. ஆயினும் சட்டம் சொத்தை மீட்டுத் தரலாம். உணவுத் தட்டின் அருகே அமர்ந்திருக்கும் ஒரு மனிதரைத் தர அதனால் இயலாது.

கதையின் இறுதிக் காட்சியில் புத்திராம் இல்லை. வாக்குறுதி அளித்தவன் அவனே. இருட்டறையில் தள்ளியவனும் அவனே. மனைவி மனம் மாறிய வேளையிலும் அவன் அங்கே வரவில்லை. பிரார்த்தனை, விரதம், தலயாத்திரை யாவும் தவறாது மேற்கொள்ளும் இல்லங்களிலும் இத்தகைய உறக்கம் நிலவக்கூடும். நம் இல்லத்து முதியவர் இன்று எத்தனை மணிக்கு உண்டார், எதை உண்டார், உண்ணும்போது அருகில் யார் இருந்தனர் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை தெரியாவிடில், இன்றிரவு உறங்கும் முன் அவருடைய அறைக்குச் சென்று கேட்பதே முதற்கடமை. ஒருவேளை அங்கே ஒரு குழந்தை நமக்கு முன்பே சென்று அமர்ந்திருக்கலாம்.