வன்வட்டின் கொள்ளளவு தவறாகத் தெரியும்போது



பேச்சுவழக்கில் ஹார்ட் டிஸ்க் எனப்படும் வன்வட்டு ஒன்று 4 டெராபைட் கொள்ளளவு உடையதாக விற்கப்பட்டாலும், புதிதாகப் பொருத்திய பின் விண்டோஸ் கணினித் திரையில் அந்த எண் தோன்றுவது அரிது. ஒரு கணினி அதை 3.63 என்று காட்டும். வேறொன்று 2 என்று காட்டும். பழைய யூஎஸ்பி பெட்டிக்குள் வைத்து இணைத்தால் 1.63 என்றும் வரக்கூடும். இவற்றுள் முதல் எண் குறையே அன்று. கடைசி எண்ணோ சேமித்த தரவையே அழிக்க வல்ல குறையின் அறிகுறி. எந்த இடத்தில் எண்ணிக்கை தடைப்பட்டதோ, அந்த இடத்தைத் திரையில் வரும் எண்ணே காட்டிக்கொடுப்பதால், வட்டை ஃபார்மட் செய்வதற்கு முன் அந்த எண்ணை நிதானமாகப் படித்தறிவதே முதல் வேலை.

வட்டைச் செய்வோர் டெராபைட் என்பதை 1 லட்சம் கோடி பைட் என்று பத்தின் அடுக்குகளில் கணக்கிடுகின்றனர். விண்டோஸ் அதே சொல்லை, 1,024-ஐ நான்கு முறை பெருக்கி வரும் சுமார் 1,09,951 கோடி பைட்டுக்கு வழங்குகிறது. ஒரே நெற்குவியலைச் சிறிய படியால் ஒருவரும் பெரிய படியால் மற்றொருவரும் அளந்தால் எண் மாறுமே தவிர நெல் குறையாது; அதுபோலவே 4 டெராபைட் வட்டு 3.63 ஆவதும், 1 டெராபைட் வட்டு 931 ஜிகாபைட் ஆவதும் அளவுகோலின் வேறுபாடேயன்றி இழப்பு அல்ல. கிலோபைட்டில் 2.4 விழுக்காடாக இருக்கும் இவ்வேறுபாடு, அலகு உயர உயர வளர்ந்து டெராபைட்டில் ஏறத்தாழ 10 விழுக்காடாகிவிடுவதால், சிறிய வட்டுகளின் காலத்தில் எவரும் பொருட்படுத்தாதது இன்று கண்ணை உறுத்துகிறது. பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் இரண்டின் அடுக்குகளுக்கென்று ஜிபிபைட், டெபிபைட் என்னும் தனிப் பெயர்களை 1998-லேயே வகுத்துவிட்டது. ஆப்பிள் நிறுவனம் 2009-இல் வெளியிட்ட ஸ்நோ லெப்பர்டு முதல் தன் கணினிகளில் பத்தின் அடுக்குக்கே மாறிக்கொண்டது. விண்டோஸ் மட்டும் பழைய பெயரையே இரண்டின் அடுக்குக்கு வழங்கிவருவது, கற்பவருக்குத் தேவையற்ற குழப்பத்தைத் தருகிறது என்றே கூற வேண்டும்.

இனி உண்மையான குறைக்கு வரலாம். வட்டின் பரப்பு செக்டார் எனப்படும் சிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வரிசை எண் தரப்பட்டிருக்கிறது. வட்டு இன்று உள்ளே 4,096 பைட் துண்டுகளைப் பயன்படுத்தினாலும், கணினியிடம் பெரும்பாலும் 512 பைட் துண்டுகளாகவே தன்னைக் காட்டிக்கொள்கிறது. எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை ஒரு பகுதி, அதாவது பார்ட்டிஷன், நீள்கிறது என்பதைக் குறித்துவைக்கும் அட்டவணைகளுள் பழையது எம்பிஆர் என்பது. ஐபிஎம் நிறுவனம் 1983-இல் 10 மெகாபைட் வன்வட்டுடன் எக்ஸ்டி கணினியை வெளியிட்டபோது, அதனுடன் வந்த டாஸ் 2.0 இந்த அட்டவணையைக் கொண்டுவந்தது. அதில் செக்டார் எண்ணை எழுத 32 பிட், அதாவது 32 இரும இலக்கங்கள் மட்டுமே ஒதுக்கப்பட்டிருந்தன. 32 இலக்கங்களால் சுமார் 429 கோடி செக்டார்களையே எண்ண முடியும். அதை 512-ஆல் பெருக்கினால் வருவது சரியாக 2 டெபிபைட். அன்றைய வட்டைப் போல இரண்டு லட்சம் மடங்குக்கும் மேற்பட்ட இடத்தை முன்கூட்டியே ஒதுக்கியவர்களைக் குறுகிய நோக்குடையவர்கள் என்று சொல்வது நியாயமாகாது. ஆயினும் 4 டெராபைட் வட்டை எம்பிஆர் முறையில் தொடங்கினால், டிஸ்க் மேனேஜ்மென்ட் என்னும் விண்டோஸ் கருவியில் 2,048 ஜிகாபைட் ஒரு துண்டாகவும், எஞ்சிய 1,678 ஜிகாபைட் அன்அலொகேட்டட், அதாவது யாருக்கும் ஒதுக்கப்படாதது, என்ற பெயரில் பயன்படுத்த இயலாத மற்றொரு துண்டாகவும் தோன்றும்.

இதற்கு மாற்று, செக்டார் எண்ணை 64 பிட்டில் எழுதும் ஜிபிடி அட்டவணை. வட்டு காலியாக இருந்தால், அதே கருவியில் வட்டின் பெயர் எழுதப்பட்ட இடப்பக்கக் கட்டத்தின் மேல் வலச்சொடுக்கி, பகுதிகளை நீக்கியபின் ஜிபிடியாக மாற்றும் கட்டளையைத் தேர்ந்தால் போதும். ஏற்கெனவே கோப்புகள் இருந்தால் அவற்றை முதலில் வேறொரு வட்டுக்குப் படியெடுத்தே ஆக வேண்டும், ஏனெனில் இந்த வழி பகுதிகள் இல்லாத வட்டை மட்டுமே மாற்றும். ஜிபிடி வட்டிலிருந்து விண்டோஸை இயக்கத் தொடங்குவதற்கு மதர்போர்டில் யூஇஎஃப்ஐ என்னும் புதிய தொடக்கநிலை மென்பொருள் தேவை. கோப்புகளைச் சேமிக்க மட்டும் பயன்படும் இரண்டாம் வட்டுக்கு அந்த நிபந்தனை இல்லை.

1.63 என்னும் எண் இதனினும் ஆழ்ந்த கவனத்துக்குரியது. 3.63-இலிருந்து 2-ஐக் கழித்தால் கிடைப்பது அதுவே என்பதும், 3 டெராபைட் வட்டு இதே முறையில் 746 ஜிகாபைட்டாகத் தோன்றும் என்பதும் காரணத்தைத் தெளிவாக்கும். வட்டுக்கும் கணினிக்கும் இடையே உள்ள யூஎஸ்பி பெட்டியின் சில்லோ, பழைய டிரைவர் மென்பொருளோ செக்டார் எண்ணை 32 பிட்டுக்குள் அடக்க முயலும்போது மேல் இலக்கம் உதிர்ந்துவிடுகிறது. ஐந்து இலக்க ஓடோமீட்டர் 99,999-ஐக் கடந்ததும் சுழியத்துக்குத் திரும்புவது போன்ற நிலை இது. வேறொரு கணினியில் முழு அளவில் பிரிக்கப்பட்ட வட்டை இத்தகைய பெட்டியில் வைத்து எழுதினால், 2 டெபிபைட்டுக்கு அப்பால் போக வேண்டிய தரவு வட்டின் தொடக்கத்துக்கே திரும்பிவந்து, அங்குள்ள அட்டவணையையும் கோப்புகளையும் மேலெழுதிவிடக்கூடும். எனவே இந்த எண்ணைக் கண்டவுடன் எழுதுவதை நிறுத்தி, வட்டை மதர்போர்டின் சாட்டா இணைப்பில் நேரடியாகப் பொருத்திப் பார்ப்பதே முறை, அங்கு 3.63 தோன்றினால் குறை பெட்டியிலேயே இருக்கிறது.

பழைய கணினிகளில் இதே வகைச் சுவர் 137 ஜிகாபைட்டில் இருந்தது: அன்று செக்டார் எண்ணுக்கு 28 பிட் மட்டுமே இருந்தது, பின்னர் 48 பிட் முறை வந்தது, அதை ஏற்ற விண்டோஸ் எக்ஸ்பியின் முதல் சர்வீஸ் பேக் 2002-இல் வந்தது. சிறிய வட்டு ஒன்றின் உள்ளடக்கத்தை அப்படியே பெரிய வட்டுக்குப் படியெடுத்தாலும் பழைய அளவே தெரியும். பகுதியை நீட்டித்தால் அது சரியாகிவிடும்.

இவற்றுள் எதிலும் அடங்காத எண் தோன்றினால், வட்டின் மேலுள்ள ஒட்டுச்சீட்டைப் பார்க்க வேண்டும். எல்பிஏ என்ற தலைப்பில் மொத்தச் செக்டார் எண்ணிக்கை பலவற்றில் அச்சிடப்பட்டிருக்கும். 4 டெராபைட் வட்டில் அது பொதுவாக 781,40,37,168. கணினியின் தொடக்கநிலை அமைப்புத் திரையே இதைவிடக் குறைவாகக் காட்டினால், வட்டின் இறுதியில் ஒரு பகுதி மறைக்கப்பட்டிருக்கலாம். மீட்பு மென்பொருளை வைப்பதற்கென ஏற்பட்ட இந்த ஒதுக்கிடம் எச்பிஏ எனப்படுகிறது, லினக்ஸில் எச்டிபார்ம் என்னும் கருவி அதை வெளிக்காட்டும். மாறாக, நம்ப முடியாத மலிவு விலைக்கு வாங்கிய வெளிவட்டு முழு அளவையும் காட்டிவிட்டு, சேமித்த கோப்புகளைத் திறக்க மறுத்தால், அதன் சில்லு பொய்யான எண்ணைச் சொல்லுமாறு மாற்றப்பட்டிருக்கலாம். முழு வட்டிலும் எழுதித் திரும்பப் படித்துச் சோதிக்கும் எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 போன்ற கருவிகள் அந்த ஏமாற்றை வெளிப்படுத்தும்.

பெட்டியிலிருந்து வட்டைக் கழற்றி நேரடியாக இணைக்கும்போது ஒன்றில் மட்டும் எச்சரிக்கை தேவை. சில பெட்டிகள் 2 டெபிபைட் தடையைத் தாண்டுவதற்காகச் செக்டாரை 4,096 பைட்டாகக் கணினிக்குக் காட்டுகின்றன. அப்பெட்டியில் பிரிக்கப்பட்ட வட்டு மதர்போர்டில் 512 பைட் கணக்கில் படிக்கப்படும்போது, அட்டவணை பொருந்தாமல் வெற்று வட்டாகத் தோன்றி, அதை இனிஷியலைஸ் செய்யலாமா என்று விண்டோஸ் கேட்கும். கோப்புகள் அனைத்தும் அப்போதும் வட்டிலேயே இருப்பதால், அந்தச் சாளரத்தில் கேன்சல் பொத்தானை அழுத்தி, வட்டைப் பழைய பெட்டிக்கே திருப்பி, தேவையானவற்றைப் படியெடுத்துக்கொண்ட பிறகே மேற்கொண்டு எதையும் செய்ய வேண்டும்.